ஒரு கணினி, இரண்டு பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொள்ளாச்சியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கணக்கு முழுக்க என் மகள் கையில். பிரசவத்துக்குப் பிறகு, கோவையில் தன் வீட்டில் இருந்தபடியே, குழந்தை தூங்கும் நேரம் பார்த்து, தொலைவிலிருந்தே இன்னொரு கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடைக் கணினிக்குள் வருவாள். மாதா மாதம் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி கெடு, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20. அவள் நுழையும்போது என் திரையில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அரை நிமிடம் கவனிக்காவிட்டால் அவள் உள்ளே, நான் வெளியே. பாதி அடித்த பில் பூட்டுத் திரைக்குப் பின்னால் கிடக்கும். எதிரே ஆள் பணத்தோடு நிற்பார்.

கணினி விற்றவர் இன்னொன்று வாங்கச் சொன்னார். வேறொருவர் இருவரையும் ஒரே நேரத்தில் அனுமதிக்கும்படி விண்டோஸை மாற்றும் பேட்ச் (சிறு திருத்த நிரல்) ஒன்றை நெட்டிலிருந்து எடுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த அப்டேட்டில் அது படுத்துவிட்டது. அது உரிமத்துக்கே விரோதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

தடை இயந்திரத்தில் இல்லை, உரிமத்தில்தான். சாதாரண விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்றே அமைக்கப்பட்டது. அதன் சர்வர் பதிப்பில் பராமரிப்புக்காக இருவர் வெளியிலிருந்து நுழையலாம். அதற்கு மேல் தனி உரிமம் வாங்க வேண்டும். ஒரே கணினியில் பலர் வேலை செய்வதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ 1961லேயே செய்து காட்டிவிட்டார்!

என் தம்பி மகன் அதே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும், வெளியிலிருந்து அதற்குள் நுழைய உதவும் எக்ஸ்ஆர்டிபி மென்பொருளையும் போட்டுக் கொடுத்தான். எனக்கு ஒரு பயனர் பெயர், மகளுக்கு ஒன்று. முதலில் 4 ஜிபி நினைவகத்தில் திணறியது. 8 ஆக்கியதும் சரியாகிவிட்டது. அப்புறம் ஒரு சிக்கல். கணக்கு எழுதும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரெஆபீஸில் இருவரும் ஒரே கோப்பைத் திறந்தால், இரண்டாவதாக வருபவரிடம் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று சொல்லி நிறுத்திவிடும். விற்பனையை ஒரு கோப்பாகவும் கொள்முதலை இன்னொன்றாகவும் பிரித்தோம். இப்போது நான் கெப்பாசிட்டருக்குப் பில் போடும்போதே, அதே கணினிக்குள் அவள் கொள்முதல் பதிந்துகொண்டிருப்பாள். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த பெண் அவள்.

டேலி போன்ற, விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு இது அப்படியே ஒத்துவராது. இன்னொன்று: ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் தேடித் திரியும் கதவு அது. நாங்கள் விபிஎன் (பிறர் நுழைய முடியாதபடி மறையாக்கிய தனி இணைப்பு) வழியாகத்தான் இணைக்கிறோம்.

பட்டறை, மளிகைக்கடை, அரிசி மண்டி என்று எத்தனையோ இடங்களில் வீட்டுப் பெண்கள்தான் கணக்குப் பார்க்கிறார்கள். இதை எப்படி அமைப்பது, எந்த மென்பொருள் ஓடும், எது ஓடாது என்று தங்கள் வணிகப் பக்கத்தில் படத்தோடு ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

— உதிரிபாகக் கடைக்காரர், பொள்ளாச்சி