படுக்கை வேண்டும், ஃபர்ஸ்ட் கிளாஸ் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் உன்னிடம் வருவதற்கு நீ அனுப்பிய மூன்று விமான டிக்கெட் விலைகளையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். எகானமி டிக்கெட்டை ஒரு பங்கு என்று வைத்தால் பிசினஸ் மூன்றரைப் பங்கு, ஃபர்ஸ்ட் ஏழு பங்கு. அதற்குக் கீழே, "அப்பா, இந்தத் தடவை கணக்குப் பார்க்காதீங்க, ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் கிளாஸ்லதான் வரணும்" என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நீ இப்படி எழுதுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டதில் எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் கணக்குப் பார்க்காமல் எனக்குப் பதில் எழுத வராது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபர்ஸ்ட் வேண்டாம். வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் பிசினஸ் போடு. திரும்பும்போது பிரீமியம் எகானமி, அதாவது எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கிற வகுப்பு, போதும்.

எகானமியே போதும் என்று அப்பா சொல்லுவார் என நீ எதிர்பார்த்திருப்பாய். போன தடவை அப்படித்தான் சொன்னேன். அதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து அப்போது ஒன்பது மாதம். விமான நிலையக் கவுன்டரில் போர்டிங் பாஸ் அடித்துக்கொண்டே அந்தப் பெண், "பிசினஸ்ல ஒரே ஒரு சீட் காலியா இருக்கு சார், கொஞ்சம் கூடக் கட்டினா மேடத்துக்குக் குடுத்துடலாம்" என்றாள். அவள் சொன்ன தொகை வழக்கமான விலையில் பாதிகூட இல்லை. அம்மா பத்தடி தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். 14 மணி நேரம்தானே, ஒரு ராத்திரி, எப்படியும் கழிந்துவிடும் என்று நினைத்தேன்.

கழிந்தது. ஆனால் பாதி ராத்திரிக்கு மேல் அவளால் ஒரே நிலையில் உட்கார முடியவில்லை. இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, மறுபடியும் மெதுவாக இறக்குவாள். சிறிது நேரம் கழித்துத் திரும்பவும். முன் சீட்டுக்காரர் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். நடைபாதைப் பக்கம் இருந்தவரும் தூங்கிவிட்டார். அவர்களை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். இறங்குகிற நேரத்தில் ஷூ காலில் நுழையவில்லை. நான் குனிந்து போட்டுவிடப் பார்த்தேன். சாக்ஸை இறக்கினால், கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி ஒரு தடம். அதற்கு மேலும் கீழும் தோல் வீங்கி மினுமினுவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பின்பக்க மடிப்பை மிதித்துக்கொண்டு, ஷூவைச் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டுதான் வெளியே நடந்து வந்தாள்.

நீ ஓடி வந்து கட்டிக்கொண்டபோது "கொஞ்சம் அசதிடி" என்றாள். அதற்குப் பிறகு நான்கு நாள் படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. நீ எங்களுக்காக லீவு போட்டது மொத்தமே பத்து நாள். அந்தக் கவுன்டரில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று கேட்டால் எனக்கு இன்றைக்குச் சொல்லத் தெரியாது. அந்த நான்கு நாளை மணிக்கணக்காகச் சொல்லத் தெரியும்.

வந்தது வெறும் நீர்க்கோப்புதான் என்று டாக்டர் பிறகு பார்த்துச் சொன்னார். ஆனால் அதன் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. இரண்டு மடங்கு என்றாலும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், ரொம்பப் பயப்பட வேண்டாம். பஸ், ரயில், கார் எதில் போனாலும் இதே கதைதான். ஆபரேஷன் செய்துகொண்ட உடம்புக்கும் வயதான உடம்புக்கும் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவே. இதற்கு 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே தப்பு. ஃபர்ஸ்ட் கிளாஸில் 14 மணி நேரம் அசையாமல் கிடந்தாலும் ரத்தம் உறையலாம். எழுந்து நடப்பதும், பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், இறுக்கமான காலுறையும்தான் காப்பாற்றும். அதெல்லாம் எந்த வகுப்பிலும் செய்யக்கூடியது.

ஆகவே உயிருக்குப் பயந்து யாரும் பெரிய டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. வாங்குவது முதுகை நீட்டிப் படுக்கவும், பக்கத்துச் சீட்டுக்காரரை எழுப்பாமல் எழுந்து போகவும்தான். அம்மாவுக்கு வேண்டியது அந்த இரண்டும். அவை பிசினஸிலேயே கிடைத்துவிடுகின்றன. ஃபர்ஸ்டில் அதற்கு மேல் என்ன என்பதை நான் என் உடம்பாலேயே பார்த்திருக்கிறேன்.

நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வேலையாகத் தனியாகப் போனேன், ஞாபகம் இருக்கும். விமானத்தில் இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டார்கள். கடைசி நேரத்தில் என்னைத் தூக்கி ஃபர்ஸ்டில் போட்டார்கள். ராத்திரி பணிப்பெண் வந்து, "படுக்கை போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். நான் எழுந்து ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். சீட்டை மல்லாத்தி, மெத்தையை விரித்து, அதன் மேல் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, போர்வையின் ஒரு மூலையை மட்டும் மடித்து வைத்தார். அந்த மூலையை நான் இன்னும் மறக்கவில்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது. விமானத்தின் மூக்குப் பக்கம் என்பதால் என்ஜின் சத்தம் பின்னால் எங்கேயோ கேட்டது. ஐந்து மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். விழித்தபோது தொண்டை வறண்டு, உதடு வெடித்திருந்தது. அந்த வறட்சி எகானமியிலும் அதேதான். இறங்கிப் பெட்டிகள் சுற்றி வரும் பட்டை பக்கம் நின்றபோது, கடைசி வரிசையில் இருந்து வந்தவரும் நானும் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு கம்பெனி செலவில் இரண்டு தடவை பிசினஸில் போனேன். விரிப்பு இழுத்துவிட ஆள் வரவில்லை, நானே பட்டனை அழுத்திப் படுத்துக்கொண்டேன். கால் அதே அளவுக்குத்தான் நீண்டது. தூக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு.

இது ஏன் என்றும் தேடிப் பார்த்தேன். முழுக்க மல்லாந்து படுக்கிற சீட்டை ஃபர்ஸ்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1990-களின் நடுவில் கொண்டுவந்தது. அப்போது ஃபர்ஸ்டுக்கும் பிசினஸுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2000-இல் அதே நிறுவனம் பிசினஸிலும் படுக்கையைக் கொடுத்துவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஃபர்ஸ்டில் கூட்டிக்கொண்டே போக மிஞ்சியது கதவு, இடம், கவனிப்பு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007-இல் ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தில் கதவு வைத்த அறைகளையே கொண்டுவந்தது. நீ வீடியோ அனுப்பியிருந்த எமிரேட்ஸ் விமான ஃபர்ஸ்ட் கிளாஸ் குளியலறையும் அந்த மாதிரிதான். ஒருவருக்கு ஐந்து நிமிடம் தண்ணீர். பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அம்மாவை அந்த ஈரத் தரையில், ஆடுகிற விமானத்தில், தனியாக அனுப்பிவிட்டு நான் வெளியே நிம்மதியாக உட்கார மாட்டேன். பல விமான நிறுவனங்கள் ஃபர்ஸ்டையே எடுத்துவிட்டு பிசினஸை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன. படுக்கை கிடைத்த பிறகு அதற்கு மேல் இரண்டு மடங்கு கொடுக்க ஆள் குறைவு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கான்கார்டு ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் படத்தை வெட்டி வைத்திருந்தேன். லண்டனில் இருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போன விமானம். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிப் பறந்தது. டிக்கெட் விலை ஃபர்ஸ்டையும் தாண்டும். ஆனால் உள்ளே 100 சீட்டு, எல்லாம் குறுகல், ஜன்னல் உள்ளங்கை அளவு, படுக்கை கிடையாது. மூன்றரை மணி நேரத்துக்குப் படுக்கை யாருக்கு வேண்டும்? அவர்கள் நேரத்தை விலைக்கு வாங்கினார்கள். இன்றைக்கு ஃபர்ஸ்டில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் வானத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

காற்றும் அப்படித்தான், முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒன்றே. சாதாரணமாக விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்கு வைத்திருப்பார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அது 6,000 அடி அளவு, அதாவது அழுத்தம் கூடுதல். விமானத்தின் உடலை அலுமினியத்துக்குப் பதில் பெரும்பாலும் கார்பன் இழையால் செய்திருப்பதால் அந்தக் கூடுதல் அழுத்தத்தை அவை தாங்கும், ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாக வைக்க முடிகிறது. நீ அனுப்பிய பட்டியலில் இரண்டாவது விமானம் ஏ350. விலை வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. அதையே எடு. கதவு வைத்த அறையைவிட இது அம்மாவுக்கு உதவும்.

இன்னொன்று, உனக்கு இதில் அக்கறை உண்டு என்பதால் சொல்கிறேன். பெரிய சீட் அதிக இடத்தை அடைப்பதால் எரிபொருளில் அதன் பங்கும் பெரிது. பிரிட்டன் அரசு வெளியிடுகிற கணக்கில், நீண்ட தூரப் பயணத்தில் எகானமி பயணியைப் போல ஃபர்ஸ்ட் பயணிக்குச் சுமார் 4 மடங்கு கரிம வெளியேற்றம், பிசினஸுக்கு 3 மடங்குக்குச் சற்றுக் குறைவு. பிசினஸே எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அதனால்தான் போகும்போதும் வரும்போதும் என்று கேட்கவில்லை.

திரும்புகிற விமானம் காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே பறக்கிறது. பகலில் அம்மா எப்படியும் தூங்க மாட்டாள். எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 31 அங்குலம் கிடைத்தால் உண்டு. பிரீமியம் எகானமியில் சுமார் 38. அந்த ஏழு அங்குலத்தில் காலை நீட்டலாம், முன் சீட் சாய்ந்தாலும் எழுந்திருக்கலாம். நடைபாதை ஓரமாக அவளுக்கும் அதற்கு அடுத்தது எனக்கும் போடு. மணிக்கொரு தடவை நானே எழுப்பி நடக்க வைக்கிறேன். வீடு வந்து சேர்ந்த பிறகு படுத்துக்கிடக்க எங்களுக்கு நாள் நிறைய இருக்கிறது. உன்னிடம் வரும்போதுதான் இல்லை.

பிசினஸ் போடும்போது சீட் வரைபடத்தைத் திறந்து பார். சில பழைய விமானங்களில் படுக்கை என்று சொல்லுவார்கள், ஆனால் சரிவாக இருக்கும். ராத்திரி முழுக்க உடம்பு கீழே வழுக்கும், அவள் இடுப்புக்கு அது ஆகவே ஆகாது. முழுக்க மட்டமாகப் படுக்கிறதா என்று உறுதி செய்துகொள். ஒரு வரிசையில் ஒன்று, இரண்டு, ஒன்று என்று சீட் இருக்கிற விமானமாக இருந்தால் எல்லாருக்குமே நடைபாதை கிடைத்துவிடும்.

நீ ஆபீஸ் பயணங்களில் சேர்த்த பாயின்ட் இருந்தால், காலாவதி ஆவதற்கு முன் நீயும் மாப்பிள்ளையும் ஒரு தடவை ஃபர்ஸ்டில் போய்விட்டு வாருங்கள். அந்தப் போர்வை மூலை மடிப்பை நீ பார்க்க வேண்டும். கைக்காசு போட்டு வேண்டாம், வீட்டுக் கடன் இருக்கும்வரை வேண்டவே வேண்டாம்.

கவுன்டரில் நடந்ததை அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். நீ விலை அனுப்பிய பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "ஒருத்திக்கு மட்டும்னா நான் போயிருக்கவே மாட்டேனே" என்றாள். போயிருக்க மாட்டாள்தான். ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதனால் நடுவில் சேர்ந்தாற்போல் இருக்கிற இரண்டு சீட்டாகப் பார். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு இருந்தால் அது கீழே இறங்குகிறதா என்று விசாரி. டாக்டரிடம் புதன்கிழமை போகிறோம். காலுறைக்கு அளவு எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சரி என்று சொன்னதும் போன் செய்கிறேன், அதற்குப் பிறகு டிக்கெட் போடு.

அன்புடன்,
அப்பா