லியான் பிளைஷரின் அந்த முப்பது ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் பிளைஷரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேற்கத்திய செவ்வியல் இசைக்கலைஞர் ஒருவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் வலக்கை முடங்கியதால் அவருடைய வாழ்க்கையில் முப்பது ஆண்டுகள் வீணாகிவிட்டன என்றும், பின்னர் ஒரு மருந்து அவரை முழுமையாகக் குணப்படுத்திவிட்டது என்றும் கட்டுரை கூறுகிறது. இவ்விரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

அவருடைய இளமைக்காலத்தைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த பிளைஷர், ஒன்பது வயதில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தார். அத்தனை சிறிய பிள்ளைகளை ஏற்பதில்லை என்ற வழக்கத்தை அவருக்காகத் தளர்த்திய ஷ்னாபெல், தம்மிடம் பயிலும் காலத்தில் கச்சேரி செய்யக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். ஷ்னாபெலுக்கு லெஷெடிட்ஸ்கியும், அவருக்குச் செர்னியும், செர்னிக்குப் பேத்தோவனும் ஆசிரியர்கள். இந்தக் குருபரம்பரையைச் சொல்லாமல் பிளைஷரின் வாசிப்பைப் பற்றிப் பேச முடியாது. பதினாறு வயதில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தார். 1952இல் பிரசல்ஸில் நடந்த எலிசபெத் அரசி இசைப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் அவர் பதிவு செய்த பேத்தோவன், பிராம்ஸ் கான்செர்டோக்களுக்கு இணையாகச் சொல்லத்தக்க பதிவுகள் இன்றும் மிகச் சிலவே என்பது என் கருத்து.

முப்பத்தாறு வயதை எட்டிய அந்தக் காலத்தில்தான் அவருடைய வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அவர் விருப்பத்தை மீறி உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கின. ஜார்ஜ் செல்லுடன் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்திலிருந்து அவர் விலக நேர்ந்தது. இது வாதமோ எலும்புத் தேய்மானமோ அன்று. ஃபோகல் டிஸ்டோனியா எனப்படும் நரம்பு மண்டலக் கோளாறு. ஒரே நுண்ணிய அசைவைப் பல்லாயிரம் முறை பழகியவர்களின் மூளையில், ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே இருக்க வேண்டிய கட்டளை எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பெரும்பாலும் வலி இருக்காது. வேறு வேலைகளைச் செய்யும்போது கை ஓரளவு இயல்பாகவே இருக்கும். வாத்தியத்தைத் தொட்டால்தான் விரல் மடங்கும். அதனால்தான் இதை மனப்பிரமை என்றும் பயிற்சிக் குறைவு என்றும் மற்றவர்கள் எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். பிளைஷரும் கூடுதலாகப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, நோயை மேலும் முற்றவிட்டார்.

இனி, வீணானவை என்று கட்டுரை சொல்லும் ஆண்டுகளுக்கு வருகிறேன். பால்டிமோரிலுள்ள பீபாடி இசைக்கல்லூரியில் 1959 முதல் கற்பித்துவந்த அவர், கை முடங்கிய பின் மாணவரை விலக்கிவிட்டுத் தாமே வாசித்துக் காட்ட முடியாத நிலைக்கு ஆளானார். ஓர் இசைத்தொடர் எங்கே எழுந்து எங்கே தணிய வேண்டும் என்பதையும், இரண்டு சுரங்களுக்கு இடையே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதையும் சொற்களால் விளக்கியாக வேண்டியிருந்தது. அதனாலேயே தாம் மேலான ஆசிரியர் ஆனதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜொனாதன் பிஸ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். இசைக்குழுக்களை நடத்தவும் அவர் தொடங்கினார். அமெரிக்காவில் இளம் கலைஞர்கள் கோடைக்காலத்தில் பயிலும் டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநராகப் பத்தாண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார்.

இடக்கைக்கென்றே எழுதப்பட்ட இசையை அரங்கத்தின் நடுவே கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காகப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்டோவை அவர் எத்தனையோ மேடைகளில் வாசித்தார். அவருடைய நண்பரும் பியானோ கலைஞருமான கேரி கிராஃப்மனுக்கும் வலக்கைச் சிக்கல் வந்தபோது, அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் போல்கம் இருவருக்குமாக ஒரு விந்தையான படைப்பை எழுதினார்: இடக்கைக்கான இரண்டு கான்செர்டோக்கள், ஒவ்வொன்றையும் தனியே வாசிக்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தால் அது மூன்றாவது கான்செர்டோ ஆகிவிடும். 1996இல் பால்டிமோரில் அரங்கேறிய இப்படைப்பைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

முழுமையாகக் குணமானார் என்பதும் பிழை. 1982இல் பால்டிமோரின் புதிய அரங்கத் திறப்பு விழாவில் இரு கைகளாலும் வாசித்தார். கை இன்னும் தேறவில்லை என்பதை அவரே உணர்ந்து மீண்டும் இடக்கை இசைக்கே திரும்பினார். 1990களின் நடுப்பகுதியில்தான் போடாக்ஸ் ஊசியும் தசைகளை ஆழ்ந்து பிடித்துவிடும் சிகிச்சையும் பலன் தந்தன. அந்த ஊசி, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறதே தவிர நோயை நீக்குவதில்லை. சில மாதங்களில் அதன் வேகம் குறைந்ததும் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் தம்மை விட்டுப் போய்விட்டதாக பிளைஷர் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. 2004இல் இரு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு வெளிவந்த அதே ஆண்டில், ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் எழுதித்தர, விட்கன்ஸ்டைன் யாரையும் வாசிக்கவிடாமல் வைத்திருந்த இடக்கைப் படைப்பை பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் முதன்முதலாக அரங்கேற்றியவரும் அவர்தான். வலக்கை திரும்பிய பின்னும் இடக்கை இசையை விடாத ஒருவர், அந்த ஆண்டுகளை இழப்பாகக் கருதியிருப்பாரா என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டில், 92 வயதில் அவர் காலமானார்.

தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இக்கோளாறு வருவதாக மதிப்பிடப்படுகிறது. வாய்ப்புகள் போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். நோயின் பெயரைக் கட்டுரை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, அதன் அறிகுறிகளைப் பற்றிய சிறு விளக்கத்தைத் தங்கள் அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி