அந்த போட்டோ உன் பெரியண்ணனிடம் இருக்கிறதா?

அன்புள்ள வாத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

அப்பத்தா போய்விட்டாள். தை மாதக் கடைசியில், விடியற்காலையில், தூக்கத்திலேயே. உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை போனை எடுத்தேன். உன் குரல் கேட்டால் உட்கார்ந்து அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். பந்தல், நாற்காலி, வருகிறவர்களுக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் அன்றைக்கு நான்தான் நிற்க வேண்டியிருந்தது. பதினாறும் முடிந்து, சொந்தமெல்லாம் கிளம்பிப் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகு உன் நினைப்பாகவே இருக்கிறது. மன்னித்துக்கொள் புள்ள.

துக்கத்தைவிட ஒரு கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். போலீஸ் பிடித்து நிறுத்தி வைத்த மாதிரி அப்பத்தா மிரண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார் என்று பதினோரு ஆண்களின் பேர். அவள் பேர் அடியில், அடைப்புக்குறிக்குள் அவள் வயது. அவ்வளவுதான். போஸ்டரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தப் பேரை எழுத அவள் பட்ட பாடு உனக்கும் எனக்கும் தெரியும். அரிக்கேன் வெளிச்சத்தில் நாம் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து, அவள் சுழியை மாற்றிப் போடும்போதெல்லாம் சிரித்து, பெரிய டீச்சரிடம் குட்டு வாங்கியது நினைவிருக்கிறதா?

நமக்குப் பத்து வயது. 1991. புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம். ராத்திரி ஆனால் எந்தத் தெருவில் பார்த்தாலும் சிலேட்டும் கையுமாகப் பெண்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நின்றார். அது ஏன் என்று அப்போது நமக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால், அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் அப்பத்தாவின் சிலேட்டு ஒரு வருஷத்தில் பரணுக்குப் போயிருக்கும் என்றே தோன்றுகிறது. அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பேரன் பேத்தி எடுத்தவள். கண்டாங்கியை வரிந்து கட்டிக்கொண்டு, ஊர் அடங்கின பிறகு கண்மாய்க்குள் போய்ப் பழகினாள். அந்த வருஷம் கண்மாய் வறண்டு கிடந்தது நம் அதிர்ஷ்டம். நீ கேரியரைப் பிடித்துக்கொள்வாய், நான் டார்ச் அடிப்பேன். கருவேலமுள்ளில் விழுந்த அன்றைக்கு முழங்கையிலிருந்து ஏழு முள் எடுத்தோம். எடுத்து முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “சரி, வண்டியைப் பிடி” என்றாள். நீதான் அழுதாய்.

லேடிஸ் சைக்கிளை அவள் தொடவே இல்லை. “பார் இல்லாத வண்டியில பிள்ளைய எங்கன வைக்கிறது?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் ஆம்பளை சைக்கிளாகப் பார்த்து வாங்கினார்கள். பாருக்கு நான், கேரியருக்கு நீ.

அப்பத்தாவைக் கட்டின ஐயா, சாகும் வரை அந்த வண்டியைத் தொடவில்லை. இது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைசியில் மனம் மாறினார் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லை. திண்ணையில் சைக்கிள் நின்றால் அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். அவள் அதற்காக அழுததும் இல்லை, வண்டியை விட்டதும் இல்லை. சோறு போட்டுவிட்டு, பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவாள்.

ஏன் விடவில்லை என்பதைக் கீரைக்கட்டைத்தான் கேட்க வேண்டும். முன்பெல்லாம் விடிவதற்கு முன்பே பறித்துக் கட்டி, ரோட்டுக்கு நடந்து, பஸ்ஸுக்காக நிற்பாள். பஸ் வரும், கூடையைப் பார்த்தால் நிற்காமல் போகும். அடுத்த பஸ்ஸில் அன்னவாசல் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் கீரை தலை தொங்கிவிடும், பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வருவாள். சைக்கிள் வந்த பிறகு பனி காயாத கீரை சந்தையில் இருந்தது. விற்று முடித்து நாம் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் வீட்டில் இருப்பாள். அப்புறம் அந்த நாளின் மிச்சம் முழுக்க அவளுடையது. அந்த மிச்சத்தில்தான் அவள் ஊர் சுற்ற ஆரம்பித்தாள்.

திருமயம் கோட்டை, குடுமியான்மலை, பங்குனியில் நார்த்தாமலை. பிறந்ததிலிருந்து அந்தப் பேர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், நாற்பத்தாறு வயதுக்கு மேல்தான் போய்ப் பார்த்தாள். ஆனால் நம்மை வைத்து மிதித்துக்கொண்டு போன சித்தன்னவாசல் மாதிரி எதுவும் இல்லை. குகைக்கோயில் வாசலில் தொல்லியல் துறையின் பலகை இருந்ததே, நாம் இரண்டு பேரும் உள்ளே ஓடப் பார்க்க, அவள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். “பா… து… கா…” விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுத் தொட்டு. வியர்வை மூக்கு நுனியில் நிற்கிறது, துடைக்கவில்லை. “பாது… காக்… கப்… பட்ட.” வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாவம், ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. பலகை முழுவதையும் படித்து முடித்துவிட்டு, “நம்ம பாடப் புத்தகத்துல இல்லாத எழுத்தே இதுல இல்ல” என்றாள். வகுப்புக்கு வெளியே அவள் படித்த முதல் எழுத்து அதுதான்.

உள்ளே விட்டத்தில் தாமரைக் குளம். மீன், யானை, பூப்பறிக்கிற ஆள். ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஓவியம் என்று வாட்ச்மேன் சொன்னார். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்து, “அந்தா பாரு, நம்ம வாத்து!” என்றாள். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது போஸ்டருக்கு வருகிறேன். துக்க வீட்டில் யாரோ ஒரு பாட்டி, “அந்தக் காலத்துலயே சைக்கிள் ஓட்டின மனுசி” என்று சொல்லி அழுதது. என் மகள் என் காதில், “அதுல என்னம்மா இருக்கு? எல்லாரும்தான ஓட்டுறாங்க” என்றாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள் வாசலில் நிற்கிறது. அவள் தப்பாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது அதிசயமாகத் தெரியக் கூடாது என்றுதான் அப்பத்தாவெல்லாம் ஏச்சு வாங்கினார்கள். ஆனாலும் எனக்கு நெஞ்சை அடைத்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவளுக்கு இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லவில்லையே. மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று அன்று ராத்திரி சொன்னேன். கேட்டுக்கொண்டாள். எண்ணிக்கை அவளை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. சைக்கிளுக்கு பேங்கில் கடன் வாங்கினாளே, தவணை கட்டிவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். யாரும் கேட்காத கணக்கு. முதல் கையெழுத்து பக்கத்தின் குறுக்கே பாதி வரை ஓடுகிறது, பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஐந்தாவதில் எழுத்துகள் கோட்டில் உட்கார்ந்துவிட்டன. பத்தாவதில் கடைசி மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. அவசரம். எங்கேயோ போக வேண்டியிருந்திருக்கிறது. அந்த விடுபட்ட புள்ளியை மகளிடம் காட்டினேன். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம், “அப்பத்தா வண்டி ஓட்டுற போட்டோ இருக்காம்மா?” என்றாள்.

நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை புள்ள. ஆனால் 1992 மகளிர் தினம், ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையில் 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு போனார்களே, அன்றைக்கு உன் பெரியண்ணன் இரவல் கேமராவோடு நம் கூட வந்தது. அப்பத்தாவை எடுத்தது. கேமராவைப் பார்க்கச் சொல்லி நாம் கத்தக் கத்த, அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் உன் விரல் விழுந்திருக்கும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அண்ணனிடம் கேள். வீடு மாற்றியபோது போய்விட்டது என்று சொல்லும், அதை நம்பாதே, அண்ணி எதையும் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை. பிரிண்ட் இல்லாவிட்டால் நெகட்டிவ் போதும். மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்.

கூடத்தில் இப்போது மாலை போட்டு மாட்டியிருப்பது அந்த வாக்காளர் அட்டைப் படம்தான். உன் பதில் வரும் வரை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
பாரில் உட்கார்ந்தவள்