தேனுவுக்கு

அன்புள்ள தேனு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று அத்தை சொன்னாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப உனக்கு நேரம் இருக்கிறதாமே, சந்தோஷம். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே.

நேற்று ராத்திரி நல்ல மழை. பெரம்பூர் சுரங்கப்பாதையில் தண்ணீர். செல்வா சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

செப்டிக் ஷாக்கில், அதாவது கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்துவிடும்போது, ரத்தம் உறையும் கோளாறுக்கு ஒரு மருந்தைச் சோதிக்கிறீர்களாம். அதையும் அத்தைதான் சொன்னாள். மருந்துக் கடைக்காரன் மகள் மருந்தையே சோதிக்கிறாள் என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன்.

நீ ஸ்கூலில் இருந்தபோது, 2001இல், கிருமித் தொற்று முற்றியவர்களுக்கு சிக்ரிஸ் என்று ஒரு ஊசி வந்தது. 1690 பேரிடம் சோதித்ததில், அது கிடைக்காதவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் போய்விட்டார்கள், கிடைத்தவர்களில் 25. பெரிய விஷயம்தானே? ஷாக்கில் இருந்தவர்களிடம் மறுபடி சோதித்தபோது அந்த லாபத்தைக் காணோம். 2011இல் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜப்பானில் 2008இல் அனுமதி பெற்ற திராம்போமாடுலின் என்கிற மருந்தும் நிரூபணத்தில் அப்படித்தான். பல நாடுகளில் 800 பேருக்கு மேல் சோதித்து 2019இல் வந்த முடிவில், உயிரைக் காக்கிறது என்று நிரூபிக்க முடியவில்லை. அதோடு, சோதனையில் சேர்ந்தாலும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம்தான். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. உனக்குத் தெரியாததா, சும்மா சொன்னேன்.

சும்மா இல்லை. அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்த அன்றைக்கு, இப்படி ஒரு சோதனையில் சேர்க்கச் சம்மதம் கேட்டு அந்த டாக்டர் பையன் பேப்பரை நீட்டியபோது "கையெழுத்துப் போடுங்கப்பா" என்றாய். நான் போடவில்லை. அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது, ஊசி குத்திய இடத்திலோ ரத்தம் நிற்கவில்லை. பொடி ரத்த நாளங்களில் ரத்தம் உறைந்து உறைந்தே, உறைய வைக்கிற தட்டணுக்கள் தீர்ந்துவிட்டன, அதனால்தான் மற்ற இடங்களில் கசிகிறது என்று நீதான் விளக்கினாய். கசிகிற உடம்பில், உறைவதைத் தடுக்கும் மருந்தா? எனக்குக் கை வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வராது. கருமாதி முடிந்ததும் நீ டெல்லி வேலைக்குக் கிளம்பினாய். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது பேப்பரை நீட்டுவது நீ. சில மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும், உன் அவசரம் புரிகிறது. இருந்தாலும் ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற ஆளை முதலில் உட்காரச் சொல். வேண்டாம் என்றாலும் வைத்தியத்தில் குறை வைக்க மாட்டோம் என்று இரண்டு தடவை சொல். அன்றைக்கு எங்களிடமும் அதைச் சொன்னார்களாம், செல்வா சொல்கிறான். என் காதில் ஏறவே இல்லை.

அவர் கையெழுத்துப் போடாவிட்டால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசு. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, நீ டாக்டர், உனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கார்த்திகையில் அம்மா திதி வருகிறது, தேதியைச் செல்வா அனுப்புவான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எல்லாம் வேண்டாம், ஃப்ளைட்டில் வா, காசு நான் தருகிறேன். லீவு கிடைக்குமா என்பதை அத்தையிடம் சொல்லாதே. எனக்கு போன் பண்ணு.

அப்பா