கவிதாவின் முன்பல்

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கோமதி,

நீ அனுப்பிய குரல்பதிவைப் பேருந்தில் கேட்டேன். ஜோகூரில் வீடு மாறிய கதையை நேரில் பேசிக்கொள்வோம். கவிதாவின் பல்லுக்குக் கம்பி போட்டாயிற்று, வலிக்கு லேசர் வைக்கலாமா, அது உள்ளே நரம்பைச் சுட்டுவிடுமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பதினைந்து வருஷம் பல் மருந்தகத்தில் உதவியாளராக நின்றிருக்கிறேன், அந்தத் தைரியம்தான்.

நீ நரம்பு என்று சொல்வது பல்லுக்குள் இருக்கும் பற்கூழ். நரம்பும் ரத்தக்குழாயும் கலந்த மெத்தென்ற சதை. சுற்றிலும் கெட்டிச் சுவர், வேர் நுனியில் ஊசிமுனை அளவு வாசல். கம்பியை முறுக்கினால் வேரைப் பிடித்திருக்கும் நார் நசுங்கும், கூழுக்குப் போகும் ரத்த ஓட்டமும் மாறும். கையில் அடிபட்டால் வீங்க இடமிருக்கிறது, இதற்கு அதுவும் கிடையாது. ஆனாலும் பெரும்பாலும் தானே தேறிவிடும்.

வலிக்கு வைக்கும் லேசர் குறைந்த சக்தி கொண்டது, ஒழுங்காக வைத்தால் சுடாது. 1967இல் ஹங்கேரியில் மெஸ்டர் என்ற மருத்துவர் மயிர் மழித்த எலிகள்மேல் அந்த ஒளியை அடித்தார். முடி சீக்கிரம் வளர்ந்ததாம். எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். கம்பி போட்ட எலிகளிலும், லேசர் பட்ட பல்லின் கூழ் சீக்கிரம் தேறியதைப் பார்த்திருக்கிறார்கள். எலியின் பல்லும் கவிதாவின் பல்லும் ஒன்றா என்று கேட்காதே!

என் மகனுக்கு வைத்தார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பேனா மாதிரி ஒரு கருவி, ஈறில் ஒவ்வொரு இடமாகச் சில விநாடி. "ஒண்ணுமே தெரியலம்மா" என்றான். ஆனாலும் மறுநாள் இட்லியை மோரில் கரைத்துத்தான் தின்றான், முறுக்கு டப்பா பக்கமே போகவில்லை. கம்பியை முறுக்கிய மறுநாள்தான் வலி உச்சம், ஒரு வாரத்தில் அடங்கும். லேசர் அதைக் கொஞ்சம் குறைக்கலாம். பல் வேகமாக நகரும் என்று தனிக்காசு கேட்டால் மட்டும் கொடுக்காதே.

சூட்டுக்குப் பயப்படுவதானால் கம்பியை ஒட்டும் பசையை இறுக வைக்கும் நீல விளக்கைப் பற்றிக் கேள். 1965இல் குரங்குகளிடம் செய்த சோதனையில் கூழின் வெப்பம் 5.5 டிகிரி ஏறியதற்கே சில பற்கள் பிழைக்கவில்லை. ஒரே பல்லில் நெடுநேரம் பிடிக்காத வரை பிரச்சினை இல்லை.

அப்புறம் முக்கியமான விஷயம். கவிதா ஏழு வயதில் தேக்காவில் படிக்கட்டில் விழுந்து முன்பல்லை மோதிக்கொண்டாளே, நினைவிருக்கிறதா? என் கைக்குட்டை முழுக்க ரத்தம். அடிபட்ட பல்லை நகர்த்தினால் கூழ் செத்துப்போகும் வாய்ப்பு மற்ற பற்களைவிட அதிகம். இதை மருத்துவரிடம் சொன்னாயா? பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போ. பல் சாம்பல் நிறமாக மாறுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இரு. பல்லில் லேசாக மின்சாரம் வைத்துப் பார்க்கும் மின்சோதனையில் பல் பதில் சொல்லாவிட்டால் உடனே பதறாதே, கம்பி போட்ட காலத்தில் நல்ல பல்லும் சில சமயம் ஊமையாக இருக்கும்.

பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு.

உன்,
சாந்தி