அப்பாவின் எண்ணுக்குப் போன ஓடிபி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மெயில் கணக்குதான். 2011இல் தம்பி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, மன்னார்குடியில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அப்பா பெயரில், அப்பாவின் செல்போன் எண்ணைக் கொடுத்துத் திறந்தது. பிறகு ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டாலும் வீட்டு விஷயம் முழுக்க அதில்தான். கேஸ் புக்கிங், ஈ.பி. ரசீது, அப்பாவின் பென்ஷன் ஆர்டர், ஸ்கேன் செய்து வைத்த பட்டா, பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் அங்கே. பாஸ்வேர்டை அப்பா ஒரு அட்டைத் துண்டில் நீல மையால் எழுதி, பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். பெரிய எழுத்து வரும் இடங்களில் மட்டும் அடியில் ஒரு கோடு. ஓடிபி கேட்டால் அப்பாவுக்கு போன் போடுவோம். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு எண்ணாகச் சொல்வார். "எழுதிட்டியா? இன்னொரு தரம் சொல்லவா?" என்று கேட்காமல் வைக்கமாட்டார்.

கடந்த தை மாதம் அப்பா காலமானார். அவருடைய போன் சார்ஜ் போடப்படாமல் ஷோகேஸில் கிடந்தது. பேச ஆளில்லாத எண்ணுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று அம்மா விட்டுவிட்டார். எங்களில் யாருக்கும் அதில் ஒரு ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் காலை அம்மாவின் டேப், மறுபடியும் லாகின் செய்யச் சொன்னது. அட்டையைப் பார்த்து அம்மா சரியாகத்தான் அடித்திருக்கிறார். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, அடுத்த திரையில், இந்த எண்ணுக்கு அனுப்பிய குறியீட்டைப் போடு என்றது. நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது அப்பாவின் எண் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். ஷோகேஸிலிருந்து போனை எடுத்து, சார்ஜில் போட்டு, அரை நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த எண் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் கேள்வியே, "யார் மாத்தினது?" தங்கை தம்பியைக் கேட்டாள். தம்பி என் மகனைக் கேட்டான். பட்டா அதில் இருப்பதால்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை வந்தது. யார் சொன்னது என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகாத வீட்டில் வரக்கூடாத வார்த்தை அது. ஷார்ஜாவில் இருக்கும் தம்பியின் போனில் மட்டும் கணக்கு திறந்தே இருந்தது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்து அவன் ராத்திரியோடு ராத்திரியாகப் பாஸ்வேர்டை மாற்றினான். அதனால் மற்ற எல்லோருடைய போனிலிருந்தும் கணக்கு வெளியேறிவிட்டது. அப்புறம் வெளிநாட்டிலிருந்து சந்தேகத்துக்குரிய மாற்றம் என்று அவனையும் வெளியே தள்ளி, அதே எண்ணுக்குக் குறியீடு அனுப்பியது.

உண்மையில் அன்று காலை வரை எங்களில் யாரும் எதையும் மாற்றவில்லை. பாதுகாப்புக்காக இரண்டாம் கட்ட சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பின் போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்பதை, கட்டாயமாக்குகிறோம் என்று அந்த நிறுவனமே மாற்றியிருக்கிறது. ஒரு மாதம் முன்பே மெயிலும் அனுப்பியிருக்கிறது. ஆங்கிலத்தில், விளம்பர மெயில்களுக்கு நடுவே, நாங்கள் யாரும் தினமும் திறக்காத அதே பெட்டிக்கு. பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆன்லைன் மோசடி இவ்வளவு நடக்கும் காலத்தில் பாஸ்வேர்டு மட்டும் போதாது என்பது புரிகிறது. ஆனால் 74 வயது அம்மா தமிழில் வைத்திருக்கும் டேபில், தமிழில் ஒரு வரி, "இந்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் அந்தச் சண்டை வந்திருக்காது. 2023 ஜூலையில் நெட்பிளிக்ஸ் இந்தியாவில், ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று கண்டிப்பைக் கொண்டுவந்தபோது பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மாறியது என்ன என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். யார் மாற்றியது என்று வீட்டுக்குள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய நிலை அதில் இல்லை.

சிம் விஷயத்தை உங்கள் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைக்கும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று டிராயே 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அப்படியானால் இன்றைக்கோ நாளைக்கோ முகம் தெரியாத ஒருவர் கைக்கு எங்கள் வீட்டு ஓடிபி போகும். மறுபடி விற்கப்பட்ட எண்களை வாரம் ஒருமுறையாவது தங்கள் பட்டியலில் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஏப்ரல் முதல் வங்கிகளுக்கும் யு.பி.ஐ. செயலிகளுக்கும் விதி இருக்கிறது. பணத்துக்கு இருக்கும் அந்த அக்கறை மெயிலுக்கும் வேண்டாமா? மற்ற பல கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அந்த மெயிலுக்குத்தானே வருகிறது?

கணக்கு திரும்பக் கிடைத்த விதத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நான் கும்பகோணத்திலிருந்து ஆறு முறை மீட்பு விண்ணப்பம் போட்டும் நிராகரித்தது. தெரிந்த ஒருவர், வழக்கமாகத் திறக்கும் கருவியில், வழக்கமான இடத்திலிருந்து முயற்சி செய்யுங்கள் என்றார். பஸ் ஏறி மன்னார்குடி போய், அம்மாவின் டேபில், அந்த வீட்டு வைஃபையில் போட்டேன். தொடர்பு கொள்ளத் தங்கையின் மெயிலைக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து லிங்க் வந்தது. திறந்ததும் அம்மா முதலில் கேட்டது பட்டாவை இல்லை. 2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனத்துக்கு வரிசையில் நின்றபோது எடுத்த போட்டோ. அப்பா தலையில் ஈரத்துண்டு, அம்மா கையில் தண்ணீர் பாட்டில். திதிக்கு அதைத்தான் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்கிறார்.

வங்கியில் கணக்கு தொடங்கினால் நாமினி யார் என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். கூகுளில் 2013 முதலும், ஆப்பிளில் 2021 முதலும், நமக்குப் பின் யார் திறக்கலாம் என்று எழுதி வைக்க வசதி இருக்கிறது. எங்கள் தெருவில் நான் கேட்ட ஒருவருக்கும் அது தெரியவில்லை. கணக்கு தொடங்கும்போதே கேட்டால்தானே தெரியும்? 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ நம் தரவு உரிமைகளை நமக்காகப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் என்கிறார்கள். அதுவரை எத்தனை வீடுகளில் இதே சண்டை நடக்கும்?

உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, மெயிலுக்கு நாமினி போடுவது எப்படி, இரண்டாவது எண்ணைச் சேர்ப்பது எப்படி, போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகப் போடும் காப்புக் குறியீடுகளைத் தாளில் எடுத்து வைப்பது எப்படி என்று படத்தோடு தமிழில் போடுங்கள். வெட்டி எடுத்து பீரோவில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தால் சிம்மை உடனே விட்டுவிடாதீர்கள், முதலில் எந்தெந்தக் கணக்கில் அந்த எண் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

நாங்கள் இப்போது அம்மாவின் எண்ணையும் என் எண்ணையும் சேர்த்துவிட்டோம். தம்பி அக்கா அக்கா என்று பழையபடி பேசுகிறான். கேஸ் இணைப்பு மட்டும் இன்னும் அப்பாவின் எண்ணில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை இறப்புச் சான்றிதழோடு ஏஜென்சிக்குப் போகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.