கல்கத்தாவில் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறது

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. மதுரைக்காரர் விஷயம் ஒருவழியாக முடிந்தது, அக்கா சொல்லியிருப்பாள். அவள் பிரசவத்துக்குத் தை கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதை விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மனம் நீ அனுப்பிய படங்களிலேயே நிற்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

போனில் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று, கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் கத்தரியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

ஹௌரா பாலம் படம் ரொம்ப நன்றாக இருக்கிறது. 1943-ல் திறந்த பாலம், நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே சேர்த்தது என்று நாங்கள் அங்கே வந்திருந்தபோது நீதான் காட்டினாய். உன் படத்தில் அந்த ரிவெட் தலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது. வெயில் தாழ்ந்து, பக்கத்திலிருந்து அடித்தால்தான் அப்படி விழும். எத்தனையோ வருடம் நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்தவள் நான். நிழல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கன்னத்தில் ஒரு சுருக்கத்தைக்கூட எடுக்க முடியாது. அதனால் யார் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் நிழலுக்குத்தான் போகும்.

அந்த வெயில் எத்தனை மணிக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். கல்கத்தா நமக்கு ரொம்பக் கிழக்கே. கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், சூரியன் அப்படி இல்லை. கோவில்பட்டியில் உச்சி வெயில் வருவதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்பே அங்கே உச்சி வந்துவிடுகிறது. வடக்கே வேறு இருப்பதால் டிசம்பரில் பகலும் குறைவு. நாங்கள் இங்கே ஆறு மணி வெளிச்சத்தில் கோலமாவு வாங்கிக்கொண்டிருக்கும்போது அங்கே இருட்டிப் போயிருக்கும். போனில் போட்டுப் பார்த்தேன், டிசம்பரில் 5 மணிக்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடுகிறது. அப்படியானால் உன் பாலத்தில் விழுந்த வெயில் நாலு, நாலேகால் மணி வெயில்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்திருப்பாய் என்று நினைத்தேன். அடுத்த படம், ஹைகோர்ட் பக்கத்து டீக்கடையில் வக்கீல்கள் கறுப்புக் கோட்டோடு மண் குவளையில் டீ குடிக்கிறார்கள். நல்ல படம். அதற்கு அடுத்தது காலேஜ் ஸ்ட்ரீட். எல்லாப் புத்தகக் கடையும் திறந்திருக்கிறது, சீருடைப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நாங்கள் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், கடைகள் அடைத்திருக்க, அப்பா கோபப்பட்டுத் திரும்பினோமே. லீவு போட்டிருப்பாய் என்றும் நினைத்துப் பார்த்தேன். லீவெல்லாம் தீபாவளியோடு தீர்ந்துவிட்டது, பொங்கலுக்கு வர முடியாது என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலையில் எடு, தம்பி. அந்த ஊர் காலைக்கென்றே உண்டான ஊர். ஜூனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், இந்தக் குளிரில்கூட 6 மணி தாண்டியதும் வெளிச்சம் வந்துவிடும். ஆற்றின் கிழக்குக் கரையில் கல்கத்தா, மேற்குக் கரையில் ஹௌரா. காலையில் மல்லிக் காட் பூச்சந்தையில் நின்றால் வெயில் உன் முதுகுப் பக்கம் ஊருக்குள்ளிருந்து வந்து பாலத்தின் மேல் விழும், சந்தை மட்டும் நிழலில் இருக்கும். அந்த நிழல் வெளிச்சம் முகத்துக்கு நல்லது. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழாது, எனக்கு டச்சிங் வேலையே இருக்காது. அதே நேரத்தில் படகேறி ஹௌரா கரைக்குப் போய்விட்டால் சூரியன் எதிரே கல்கத்தா கட்டடங்களுக்கு மேல் எழும்பும், குளிக்கிறவர்கள் கறுப்பு உருவமாக நிற்பார்கள், குளிர்கால மூட்டம் பின்னால் இருக்கிற குப்பையெல்லாம் மறைத்துவிடும். இரண்டு கரையும் முடித்து, குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு ஒருவன் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேரலாம். காலையில் எடுத்தால் எதற்கும் இடைஞ்சல் இல்லை.

கேந்திப் பூ மூட்டைகளை எடுத்த படத்தில் ஆரஞ்சு நிறம் கொழுத்துப்போய் இதழே தெரியவில்லை. அந்த நிறத்துக்கு எப்போதும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வை. சாமி சிலை செய்கிறவர்கள் இருக்கிற குமார்துலியில் எடுத்த சரஸ்வதி சிலைக்கு அதற்கு நேர்மாறு. வெள்ளையைப் பார்த்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் வெள்ளைச் சேலை சாம்பலாக வந்திருக்கிறது. நீ கூட்டி வைக்க வேண்டும். ஃபில்ம் காலத்தில் ரோல் கழுவி வந்த பிறகுதான் இதெல்லாம் தெரியும், அப்பா எத்தனை கல்யாணத்தில் கல்யாணப் பெண்ணின் கூரைப்புடவைக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். உனக்கு அங்கேயே திரையில் தெரிகிறது. பார்த்துத் திருத்திக்கொள்.

ஆனால் அந்தச் சரஸ்வதி படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். வைக்கோல் கட்டி, களிமண் பூசி, வெள்ளை அடித்து, கண் மட்டும் இன்னும் வரையாத முகம். கண் கடைசியில்தான் வரைவார்களாம். அந்தச் சந்தில் மேலே தார்ப்பாய்க்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு வழியாகத்தான் வெளிச்சம் வருகிறது, அது சரியாக நெற்றியில் விழும்வரை நீ காத்திருந்திருக்கிறாய். ப்ளாஷ் போட்டிருந்தால் எல்லாம் சப்பையாகிப் போயிருக்கும். இதை உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்குக்கூட அப்படிக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் இதற்கு எத்தனை மணி நேரம் அங்கே நின்றிருப்பாய் என்று நினைத்தேன். அதுவும் பகல் வெளிச்சம்தான்.

பச்சைப் பெட்டியில் இருக்கிற பழைய பத்திரிகைகளில் ரகுபீர் சிங் எடுத்த கலர் படங்களை நீ சின்ன வயதில் புரட்டிக்கொண்டே இருப்பாய். ஜெய்ப்பூரில் பிறந்தவர், 1999-ல் நியூயார்க்கில் இறந்தார். நல்ல போட்டோ என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பெரிய ஆட்கள் நினைத்த காலத்தில் கலரிலேயே எடுத்தவர். அவர் எடுத்த கல்கத்தா தெருவில் ஒரே படத்துக்குள் அத்தனை பேர் இருப்பார்கள், ஒருத்தர் ஒருத்தரை மறைக்கமாட்டார்கள், ஒவ்வொருவரும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தைத் துரத்தினால் அது வராது. நல்ல பின்னணி உள்ள ஒரு இடத்தைப் பிடித்து நின்றுவிட வேண்டும், ஆட்கள் தானாக வந்து இடத்தில் நிற்பார்கள். அம்பாசிடர் காரின் கதவையும் கண்ணாடியையுமே சட்டமாக வைத்து அவர் நிறைய எடுத்திருக்கிறார். 2014-ல் அந்தக் காரை உண்டாக்குவதையே நிறுத்திவிட்டார்கள், ஓடுகிற மஞ்சள் டாக்ஸிகளும் வயதாகிக் கழிந்துகொண்டே வருகின்றன. அதை இப்போதே எடுத்து வை. ட்ராமையும் எடுத்து வை. 1873-ல் குதிரை இழுத்த ட்ராம் ஓடிய ஊர், இன்று மிஞ்சியிருக்கிற தடம் கொஞ்சம்தான்.

உன் படங்களில் சமீபமாக ஆட்கள் எல்லோரும் தூரமாக இருக்கிறார்கள். முதுகு, தோள், குடை. போன வருடம் அனுப்பியதில் பூக்காரர் நேராக உன்னைப் பார்த்துச் சிரித்தாரே, அப்படி ஒன்றும் இப்போது வரவில்லை. கிட்டே போய், கையால் கேமராவைக் காட்டி, எடுக்கலாமா என்று கேள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. எடுத்ததை உடனே காட்டு. அப்புறம் ஒரு 4x6 பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடு, அந்தச் சந்தையில் பிறகு உன்னை யாரும் வெளியாளாகப் பார்க்கமாட்டார்கள். ரூமிலிருந்து கிளம்பும்போது யாரோடாவது பேசிவிட்டுக் கிளம்பு. நீ யாரோடும் பேசாமல் நாள் முழுக்கச் சுற்றுகிறாயோ என்று எனக்குப் படுகிறது. பாலத்தின் மேல் நின்று எடுக்காதே, போலீஸ்காரர் கேட்பார். கேமராவைத் தோளில் தொங்கப் போடாதே, கழுத்துக்குக் குறுக்கே போடு. சாப்பிட்டுவிட்டுப் போ.

அப்பா அன்று போர்ன் அண்ட் ஷெப்பர்டைச் சொல்லி உன்னைப் பேசியது உன் மனதில் இன்னும் இருக்கிறதா? எஸ்பிளனேடு பக்கம் 1860-களிலிருந்து இருந்த ஸ்டூடியோ, 1991-ல் தீப்பிடித்து நெகட்டிவெல்லாம் போய், 2016-ல் மூடியே விட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு, அதுவே நிற்கவில்லை, இதை நம்பி யார் பிழைப்பது என்று. அவர் பயத்தில் சொன்னது. நம் கடையில் இப்போது என்ன வேலை வருகிறது என்று உனக்குத் தெரியும், பாஸ்போர்ட் சைஸும் ஆதாருக்கு ஜெராக்ஸும்தான். அதனால்தான் உன்னை இன்ஜினியரிங் சேர்க்க நகையை வைத்தோம். அதைச் சொல்லிக்காட்ட நான் இதை எழுதவில்லை, நகை திரும்பி வந்துவிட்டது, நீதான் மீட்டுக் கொடுத்தாய். ஆனாலும் ஒரு வேலை கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பார்ப்பது வேறு. சித்தப்பா திருப்பூரில் செய்தது மாதிரி ஆகிவிடக்கூடாது.

இல்லை, அவரையும் உன்னையும் ஒன்றாக வைத்துச் சொல்லக்கூடாது. அவர் கெட்டது வேறு காரணத்தால். அந்தச் சரஸ்வதியை எடுத்தவனுக்குக் கை இருக்கிறது, எனக்கு அதில் சந்தேகமில்லை. படம் எடுத்துப் பிழைக்க முடியுமா என்று யாராவது இன்று என்னைக் கேட்டால், முன்பு போல உடனே முடியாது என்று சொல்லமாட்டேன். எத்தனை மாதச் செலவுக்குக் கையில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன்.

மாதா மாதம் 5-ந்தேதி பணம் தவறாமல் வருகிறது. இந்த மாதமும் வந்தது. எங்கிருந்து எடுத்து அனுப்பினாயோ, மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். நிஜமாகவே வேண்டாம், சீட்டுப் பணம் வருகிறது, அக்கா பிரசவத்துக்கு அத்தான் வீட்டில் பாதி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தை உன்னிடமே வைத்துக்கொள். ரூம் வாடகை முன்கூட்டியே கொடுத்துவிடு. ஸ்வெட்டர் இரண்டாவது வாங்கிக்கொள், ஆற்றங்கரையில் காலை நேரத்தில் குளிர் தாங்காது. கோரமண்டலில் எப்போது டிக்கெட் கிடைத்தாலும் பொங்கலுக்கு முன்போ பின்போ வந்துவிட்டுப் போ. லீவு இல்லை என்று சொல்லாதே.

அக்கா குழந்தைக்குப் பெயர் சூட்டும் விஷயமும் பால்காரர் மகள் கல்யாணமும் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இந்தப் படங்களின் நேரத்தைப் பற்றி அப்பாவிடம் நான் எதுவும் பேசவில்லை. அவருக்கும் கண் இருக்கிறது, பார்த்திருப்பார், ஆனால் கேட்கமாட்டார். சனிக்கிழமை சாத்தூரில் ஒரு வளைகாப்பு ஆர்டர், காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போனால் இரவுதான் வருவார். கடையில் நான் மட்டும்தான் இருப்பேன். பத்து மணிக்கு மேல் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா